தொண்ணூற்றொன்பது ஆடுகள் யார் பொறுப்பில்?

"அங்கிள், நாலு நிமிஷத்துல முடிஞ்சுபோச்சு" என்றார் பல் டாக்டர், போனில்.

"எது?"

"நீங்க எழுதிக் கொடுத்த கேள்வித்தாள். ஒன்றரை மணி நேரம் பேசணும். நாலு நிமிஷத்துல எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டாங்க. மிச்ச நேரமெல்லாம் பிஸ்கட் சாப்பிட்டோம்."

எத்தனைமணி போனை வைத்துவிட்டு அந்தத் தாளின் நகலை எடுத்து மறுபடி படித்துப் பார்த்தார். அவர் கண்ணுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

எத்தனைமணி என்பது அவருடைய பெயர் இல்லை. காப்பீட்டுக் கம்பெனியில் விபத்துக் கோரிக்கைகளைத் துருவிப் பார்க்கிற வேலை அவருக்கு. கை ஒடிந்து வந்தாலும் சரி, கடை எரிந்து வந்தாலும் சரி, அவர் முதலில் கேட்பது "எத்தனை மணிக்கு?" என்பதுதான். இருபத்திரண்டு வருஷமாக இதையே கேட்டதில் அலுவலகத்தில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லாமல் போய்விட்டது.

அவர் போகிற கிறிஸ்தவ சபையில் வாலிபர்கள் வெள்ளிக்கிழமை மாலைகளில் சிறு சிறு குழுக்களாகக் கூடுவார்கள். ஒரு வேதப்பகுதியைப் படித்துவிட்டு அதைப் பற்றிக் கலந்து பேச வேண்டும். பேச்சைக் கிளப்புவதற்கு நாலு கேள்விகள் வேண்டும். அதுவரை ஒரு அச்சடித்த புத்தகம் இருந்தது, அது தீர்ந்துவிட்டது. ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்த எத்தனைமணியைப் போதகர் பிடித்துக்கொண்டார். "கேள்வி கேக்கறதுதானே உங்க பொழைப்பு? வாராவாரம் நாலு எழுதிக் கொடுங்களேன்."

வேறு சமயமாக இருந்தால் அவர் நழுவியிருப்பார். தலையாட்டியதற்குக் காரணம் அவருடைய மகள்.

மகளுக்குப் பதினெட்டு வயது. வீட்டுச் சாப்பாட்டு மேசையின் மேல் இரண்டு விண்ணப்பங்கள் கிடந்தன. ஒன்று காப்பீட்டுத் துறைத் தேர்வுக்கு, அவர் வாங்கி வந்தது. இன்னொன்று சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கு, அவள் எங்கிருந்தோ வாங்கி வந்தது. இரண்டுக்கும் கடைசி நாள் ஒன்றே. அதற்கு ஐந்து வாரம் இருந்தது. எது வேண்டும் என்று கேட்டால் "உங்க இஷ்டம்ப்பா" என்பாள். இந்த எண்ணம் எப்போது வந்தது, யார் சொல்லி வந்தது, அதற்கு ஆதாரம் என்ன என்று அவர் வழக்கம்போல் அடுக்கினால் "சும்மாதான்" என்று எழுந்து போய்விடுவாள். மகள் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவள் தலையெழுத்தில் கையெழுத்துப் போட அவருக்குப் பயமாக இருந்தது. நேரில் வராத பதில், குழுவில் வைத்துக் கேட்டால் வருமோ என்ற நப்பாசையில்தான் கேள்வி எழுதச் சம்மதித்தார்.

வெள்ளிதோறும் ஆறு மணிக்கு அவளை ஆலய வாசலில் இறக்கிவிடுவதும், ஏழரைக்கு அதே வாசலில் ஏற்றிக்கொள்வதும் அவர்தான். பெண்கள் குழு மாடியில் கூடும். அதை நடத்துகிறவர் பல் டாக்டர். சின்ன வயதுதான், ஆனால் அடுத்தவர் வாயைத் திறக்க வைப்பதில் கைதேர்ந்தவர்.

முதல் வாரத்துக்கு வந்தது காணாமல் போன ஒரு ஆட்டைத் தேடிப் போன மேய்ப்பனின் பகுதி. எத்தனைமணி எழுதிய கேள்விகள் இவை: நூறு ஆடுகள் இருந்தன என்பதற்கு மேய்ப்பனின் வாய்மொழி தவிர வேறு ஆதாரம் உண்டா? ஒன்று குறைவதை முதலில் கவனித்தது யார், எத்தனை மணிக்கு? மேய்ப்பன் திரும்பும் வரை தொண்ணூற்றொன்பது ஆடுகள் யார் பொறுப்பில் இருந்தன? ஆடு தானாகப் போனதா, வேலியில் பழுதா?

"எல்லாத்துக்கும் ஒரே பதில்தான் அங்கிள். 'இங்க போடல.' நாலு தடவை சொன்னாங்க, நிமிஷத்துக்கு ஒண்ணு."

மறுநாள் எத்தனைமணி பல் டாக்டரின் மருத்துவமனைக்கே போய்ப் பாடம் கேட்டார். டாக்டர் ஒருவருக்குப் பல்லில் மருந்து வைத்துவிட்டு, அது இறுகும் வரை இவருக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆமாம், இல்லை என்று முடிகிற கேள்வி கூடாது. பக்கத்திலேயே பதில் இருக்கிற கேள்வியும் கூடாது. கேட்கிறவருக்கே பதில் தெரியாமல் இருந்தால் ரொம்ப நல்லது. இவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். வாயைத் திறந்தபடி படுத்திருந்த ஆள்கூட ஆமோதிப்பதுபோல் ஏதோ முனகினார்.

இரண்டாவது வாரமும் அதே ஆடுதான். இந்த முறை ஒரே கேள்வி: "அந்த ஆடு ஏன் போயிருக்கும்?" எழுதி முடித்ததும் எத்தனைமணிக்குத் தன் மேலேயே ஒரு மரியாதை வந்தது.

வெள்ளி இரவு எட்டு மணிக்கு முன்னாலேயே தகவல் வந்துவிட்டது. எட்டுப் பெண்களும் ஒருவர் பின் ஒருவராக "கீழ்ப்படியாததால்" என்று சொல்லிவிட்டு, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று டாக்டர் கேட்காமலேயே "ஜெபிக்க வேண்டும்" என்றும் சொல்லிவிட்டார்களாம். இந்த முறை மூன்று நிமிஷம்.

"நாம என்ன எதிர்பார்க்கறோமோ அதச் சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடலாம்னு பாக்கறாங்க" என்றார் டாக்டர். "பேர் போடாம ஒரு சீட்டுல எழுதச் சொல்லலாமா? படிச்சிட்டு உங்களுக்குத் தரேன். அடுத்த கேள்வி எழுத உதவியா இருக்கும்."

எத்தனைமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். சீட்டு என்றால் கையெழுத்து. கையெழுத்து என்றால் அவருடைய சொந்த மைதானம். இருந்தாலும் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்று நினைத்து, "எது யார் எழுதினதுன்னு மட்டும் எங்கிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்" என்று கண்டிப்பாகச் சொன்னார். டாக்டருக்கு அவர் மேல் இருந்த மதிப்பு அன்றைக்கு ஒரு படி ஏறியது.

மூன்றாவது வாரக் கேள்வியை அவர் மூன்று நாள் யோசித்து எழுதினார். "வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு காணாமல் போனதுபோல் உங்களுக்கு இருந்தது எப்போது? அப்போது யார் தேடி வந்திருக்கலாம்?"

எட்டுச் சீட்டுகள் வந்தன. ஏழு நீல மையில் இருந்தன. தேர்வுக் காய்ச்சல், தோழி பேசாமல் போனது என்று ஏழும் ஏதேதோ சொல்லின. எட்டாவது ஊதா மையில் இருந்தது.

"எங்கள் அப்பா ஊரில் உள்ள எல்லோருடைய கஷ்டத்தையும் பொறுமையாகக் கேட்பார். அதுதான் அவர் வேலை. வீட்டுக்கு வந்ததும் அவருடைய காது மூடிக்கொள்ளும். சாப்பிடும்போதுகூட போனில் 'சொல்லுங்க' என்பார். என்னிடம் ஒருநாளும் 'சொல்லு' என்று சொன்னதில்லை. காலையில் குளியலறையில் பாடுவார். அந்த நேரத்தில்தான் நான் படிக்க வேண்டும். நிறுத்தச் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை."

எத்தனைமணி இதை நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். அவர் வேலையே கஷ்டங்களைக் கேட்பதுதான். சாப்பாட்டின்போது போன் எடுப்பார். குளிக்கும்போது பாடுவார், நன்றாகப் பாடுவதாகவும் நினைத்துக்கொண்டிருந்தார்.

சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் அவர் மகளின் மேசைக்குப் போய்ப் பார்த்தார். புத்தகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊதாப் பேனா இருந்தது. போன வருஷ வாலிபர் முகாமின் பெயர் அதன் மேல் அச்சடித்திருந்தது. அதுவே போதும் என்று அவர் முடிவுகட்டினார். இதைவிடக் குறைந்த ஆதாரத்தில் எத்தனையோ பேரின் கோரிக்கையை அவர் தள்ளியிருக்கிறார். கோப்பை மூடுவதுபோல் மேசை விளக்கை அணைத்துவிட்டு வந்து, சமையலறை மூலையில் நின்று கொஞ்ச நேரம் அழுதார்.

பாரம் தாங்காமல் சனிக்கிழமை போதகரைப் பார்த்தார். சீட்டைக் காட்டவில்லை, விஷயத்தை மட்டும் சொன்னார். போதகர் நடுவில் மூன்று தடவை போன் எடுத்தார். ஆனாலும் முடிவில் உருகிப்போய்விட்டார்.

"பாவம் அந்தப் பிள்ளை. இப்படியும் ஒரு தகப்பன் இருப்பானான்னு... உங்களச் சொல்லல. நீங்க உணர்ந்துட்டீங்க. மொதல்ல அந்த போனைத் தூர வைங்க" என்று சொல்லிவிட்டு, "ஒரு நிமிஷம்" என்று நாலாவது போனை எடுத்தார்.

மறுநாள் ஞாயிறு பிரசங்கம் முழுக்க அதுதான். "எனக்குத் தெரிந்த ஒரு தகப்பன்" என்று போதகர் ஆரம்பித்தார். காது மூடிக்கொள்வது, "சொல்லுங்க" என்பது, எதையும் விடவில்லை. பாட்டை மட்டும் என்ன காரணத்தாலோ தொடவில்லை. சபையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எத்தனைமணி முன் பெஞ்சின் முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வெள்ளி ஊதா மைச் சீட்டில் இரண்டே வரிகள். "நான் சொன்னது சபைக்கே உதாரணமாகிவிட்டது. எங்கள் வீட்டில் அது ஒன்றும் புதிதில்லை."

அவருக்கு உயிரே போய்விட்டது. மகள் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததை அலுவலகப் பயிற்சி வகுப்பில் அவர் ஆறு வருஷமாக உதாரணமாகச் சொல்லிவந்திருக்கிறார். பெயர் சொல்லமாட்டார். ஆனால் வருகிறவர்கள் எல்லோருக்கும் யாரென்று தெரியும். இப்போது போதகரிடமும் போய் உளறியிருக்கிறார். அவள் மனதைத் திறந்து எழுதிய ஒரே காகிதத்தையும் ஊர் பார்க்க விரித்துவிட்டார்.

கடைசி நாளுக்குப் பத்து நாள் இருந்தது. பேசிப் பயனில்லை, நடந்து காட்டுவோம் என்று அவர் தீர்மானித்தார். ஐந்தரைக்கே வீட்டுக்கு வந்தார். வந்ததும் போனை அணைத்து அலமாரியில் வைத்தார். காலையில் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. சாப்பாட்டு மேசையில் மகளுக்கு எதிரே உட்கார்ந்து, கைகளைக் கோத்துக்கொண்டு, அவள் முகத்தையே கனிவோடு பார்த்தார். எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

மகள் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போய்ச் சாப்பிட்டாள்.

மனைவி கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பாட்டைத் திட்டிக்கொண்டு வந்தவர். இப்போது குளியலறைக் கதவில் காதை வைத்துக் கேட்டார். "என்னங்க, உள்ளே இருக்கீங்களா?" என்று இரண்டு தடவை தட்டினார். போன் எடுக்காததால் அலுவலகத்திலிருந்து ஒரு ஆள் வீட்டுக்கே வந்து, "சாருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று விசாரித்துவிட்டுப் போனது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆனது.

அடுத்து நடந்ததுதான் பெரிய விபத்து. அந்த வாரக் கேள்வியை எழுதி அவர் சட்டைப் பையில் வைத்திருந்தார். விண்ணப்பத்துக்கு ஏழு நாள்தானே பாக்கி, அதை மனதில் வைத்து எழுதியது. சட்டையைத் துவைக்க எடுத்த மனைவி பையில் கையை விட்டார். காகிதத்தில் கணவர் கையெழுத்தில் இருந்தது இது: "இன்னும் ஏழு நாள்தான் இருக்கிறது. இதுவரை சொல்லாத எதை, யாரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்?"

மாலையில் எத்தனைமணி வீட்டுக்கு வந்தபோது மனைவியின் அண்ணன் பழக்கூடையோடு உட்கார்ந்திருந்தார். பத்து வருஷமாக இவரோடு சரியாகப் பேசாதவர், எழுந்து வந்து தோளில் கை வைத்து, "மாப்ள, எதுவா இருந்தாலும் நாங்க இருக்கோம்" என்றார். எத்தனைமணி நெகிழ்ந்துபோய் நன்றி சொன்னார். அதில் மிச்சமிருந்த சந்தேகமும் எல்லோருக்கும் தீர்ந்துவிட்டது.

மறுநாள் காலை அவரைப் பேசவே விடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். தலை முதல் கால் வரை சோதனை. மனைவி வரிசையில் நிற்கப் போனார். காத்திருக்கும் கூடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில், அவருக்குப் பக்கத்தில் மகள் உட்கார்ந்தாள். கையில் டோக்கன் நாற்பத்தேழு. பலகையில் ஓடிக்கொண்டிருந்தது பத்தொன்பது.

"எங்கிட்ட மட்டும் சொல்லுங்கப்பா" என்றாள். "எத்தனை நாளா தெரியும் உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்ல பாப்பா."

"பொய் சொல்லாதீங்க." அவள் அழ ஆரம்பித்தாள். விபரம் தெரிந்த பிறகு அவர் முன்னால் அவள் அழுதது அதுதான் முதல் தடவை.

எத்தனைமணி பையிலிருந்த சின்ன நோட்டை எடுத்துக் கொடுத்தார். அதில் சபைக்கு எழுதிய கேள்விகள் எல்லாம், அடித்துத் திருத்தி எழுதியவை, தேதியும் நேரமும் போட்டு இருந்தன. ஊதா மைச் சீட்டுகளைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. பேர் போடாமல் எழுதியதை அவளிடமே எடுப்பது நியாயமில்லை என்று நினைத்தார். மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பக்கங்களைத் திருப்பினாள். தொண்ணூற்றொன்பது ஆடுகள் யார் பொறுப்பில் என்ற இடத்தில் நின்றாள். மறுபடி படித்தாள். பிறகு சிரித்தாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.

"உயிர் போற மாதிரி பயந்துட்டேன்ப்பா" என்றாள்.

அவர் கேட்க நினைத்து வைத்திருந்தது பதினோரு கேள்விகள். ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"சொல்லு பாப்பா" என்றார். அவ்வளவுதான்.

பலகையில் இருபது வந்தது, இருபத்தொன்று வந்தது. அவர் சும்மா இருந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் செய்த மிகக் கஷ்டமான வேலை அதுதான். இருபத்து நாலு வந்தபோது மகள் பேச ஆரம்பித்தாள்.

விபத்துக் கோப்புகளைப் பார்த்தாலே எழுந்து ஓடிவிடத் தோன்றும் என்றாள். சின்னப் பிள்ளைகளோடு இருந்தால் நேரம் போவதே தெரிவதில்லை என்றாள். எந்தக் கேள்வி கேட்டாலும் "எங்க வீட்ல நாய் இருக்கு" என்று பதில் சொல்லும் ஒரு பையனைப் பற்றிச் சொன்னாள். ரப்பரை வாயில் ஒளித்து வைத்துக்கொள்ளும் ஒரு சின்னப் பெண்ணைப் பற்றிச் சொன்னாள். எல்லாம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் என்று எத்தனைமணி நினைத்துக்கொண்டார். ஒருநாள் இவரிடம் பேச வந்து, இவர் "எத்தனை மணிக்கு?" என்றதும் திரும்பிப் போனதையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசவில்லை. நாற்பத்தேழு வந்து போனதை இருவரும் கவனிக்கவில்லை. மனைவி வந்து இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, முதலில் பயந்து, விஷயம் தெரிந்ததும் அந்தக் கோபத்தில் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

ஆசிரியர் பயிற்சி விண்ணப்பத்தில் எத்தனைமணி கையெழுத்துப் போட்டார். நேரம் போடுவதற்கு அதில் இடம் இல்லை. இருந்தும் மூலையில் போட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மகளை இறக்கிவிட்டதும் அவர் வாசலிலேயே நிற்கவில்லை. நன்றி சொல்லாவிட்டால் மனசு ஆறாது என்று வெள்ளிக்கிழமையில் முதல் தடவையாக உள்ளே நுழைந்து மாடிப்படி ஏறினார். பாதிப் படியில் போதகர் எதிரே வந்தார். ஞாயிறு பிரசங்கம் ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். அந்தத் தகப்பனின் கதையை இந்த ஞாயிறும் தொடரப் போகிறாராம். "இன்னும் அழுத்திச் சொல்லப்போறேன். சிலருக்குச் சுட்டிக் காட்டினாத்தான் உறைக்கும்" என்று சிரித்தபடி எத்தனைமணியின் முதுகில் தட்டினார். அதற்குள் போன் அடித்தது. "சொல்லுங்க, சொல்லுங்க" என்றபடி இறங்கிப் போனார்.

மாடி அறையில் பல் டாக்டர் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தார். எத்தனைமணி ஒரு உறையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். உள்ளே ஊதா மைச் சீட்டுகள் பத்திரமாக இருந்தன.

"யார் எழுதினதுன்னு நீங்க சொல்லவே இல்ல டாக்டர். நானே கண்டுபிடிச்சிட்டேன், தொழில் புத்தி. இந்தச் சீட்டு மட்டும் இல்லன்னா என் பொண்ணை நான் தொலைச்சிருப்பேன்."

டாக்டர் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு உறையைப் பிரித்துப் பார்த்தார். சீட்டுகளை மெதுவாக மறுபடி உள்ளே வைத்தார்.

"உங்க பொண்ணு அஞ்சு மாசமா கீழே சின்னப் பிள்ளைங்களுக்கு வகுப்பு எடுத்துக்கிட்டிருக்கா, அங்கிள். இதையெல்லாம் எழுதினது போதகர் ஐயாவோட பொண்ணு."